நாரைப்பேட்டுக்கு வந்த வடக்குக் காடு

அந்த வருஷம் கார்த்திகை இரண்டாம் செவ்வாயன்று, பால் பாக்கெட் வருவதற்கும் முன்னால், வடக்கேயிருந்து பறவைகள் எப்போதும்போல நாரைப்பேட்டு ஏரிக்கு வந்து இறங்கின. இந்தத் தடவை வரும்போது தங்கள் காட்டையும் கூடவே கொண்டுவந்துவிட்டன. பல நூறு வருஷமாகக் கோடாலி படாத ஊசியிலை மரங்கள், அவற்றில் தாடி தாடியாகத் தொங்கும் பாசி, காலை வைத்தால் பஞ்சு மெத்தையாக அமுங்குகிற சதுப்பு, சதுப்பின் மேல் கண்ணாடித் தகடாகப் பனிக்கட்டி, அதற்கும் மேலே கணுக்கால் முங்கும் வெள்ளைப் பனி, எல்லாம் ஏரியின் வடபாதியில் அலுங்காமல் குலுங்காமல் வந்து உட்கார்ந்திருந்தன. முதலில் பார்த்தவள் ஏரிக்கரையில் இட்லி விற்கும் அஞ்சலை. பார்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "இன்னாடா இது, மாவு பொங்காது போலக்கீதே" என்று அரைக்குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு நாற்பதடி தெற்கே போய் அடுப்பை மூட்டினாள்.

அரைக்குரல் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாரைப்பேட்டில் ஐப்பசித் தொடக்கத்தில் முதல் நாரை ஏரியில் கால் வைத்த நாளிலிருந்து கடைசி நாரை கிளம்பும் நாள் வரைக்கும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பறவை மிரண்டுவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது. தீபாவளிக்கு வெடி கிடையாது, கல்யாணத்துக்கு மேளம் கிடையாது, மாதா கோயில் மணிக்கு ஒரு கோணிச்சாக்கைக் கட்டிவிடுவார்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட மைக்கை வேனிலேயே வைத்துவிட்டுக் கும்பிட்டபடியே போவார்கள். மாமியார் மருமகள் சண்டைகளையெல்லாம் சேர்த்து வைத்து, சித்திரை பிறந்ததும் ஒரே வாரத்தில் தீர்த்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் படித்த கான்வென்ட்டில் மேடையில் ஏறுகிற பெண்ணுக்கு மைக் தரமாட்டார்கள். "கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்" என்று சிஸ்டர் ஹாலின் மறுகோடியில் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். கேட்கும் வரைக்கும் அந்தப் பெண் சாப்பிடப் போக முடியாது. அப்படி வளர்த்த குரல். அதை ஆறு மாசம் மடித்து வைக்கச் சொன்னால் எங்கே வைப்பாள்? வந்த முதல் வருஷமே, குழம்பு தீய்ந்த கோபத்தில் அவள் போட்ட ஒரு சத்தத்தில்தான் நானூறு கூழைக்கடா வேடந்தாங்கல் பக்கம் போய்விட்டது என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு. "கூழைக்கடா என்ன, எனக்கு வழி தெரிஞ்சிருந்தா நானும் கூடவே போயிருப்பேன்" என்பாள் ஜெசிந்தா.

அவள் கணவன் அருளப்பன், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், நாரைப்பேடு பறவை நோக்குநர் மன்றத்தின் செயலாளர். தலைவர் கோதண்டம், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், எதையும் நேரம் போட்டு எழுதாவிட்டால் அது நடக்கவில்லை என்று நினைக்கிறவர். இருவரும் விடியற்காலையில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரைமேல் போய் உட்கார்ந்தால், வெயில் ஏறித்தான் எழுந்திருப்பார்கள். "பத்தாயிரம் வாத்துல ஒரு வாத்துக்குக் கண்ணுல கோடு இருக்குன்னு கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, கேஸ் தீர்ந்துபோனது மட்டும் தெரியாது" என்று ஜெசிந்தா சொல்வதில் தப்பேதும் இல்லை.

காடு வந்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததை வைத்து ஆகவேண்டியதைப் பார்த்தது. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்தார், குளிரில் பல் தந்தியடிக்க நின்றார், பழைய பதிவேட்டில் என்ன இருந்ததோ அதையே, 'ஏரி, அரசு புறம்போக்கு' என்று எழுதிவிட்டுப் போனார். மீன்காரர்கள் ஐஸ் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கூடையைக் காட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். பெரிய மரம் ஒன்றுக்கு யாரோ மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்தார்கள். மாதா கோயில் சாமியார் அந்தக் கிறிஸ்துமஸுக்கு மரம் ஜோடிக்கச் செலவு செய்யவில்லை. பூசை முடிந்ததும் கையை வடக்கே நீட்டிக் காட்டினார், எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கொம்பே ஒரு முருங்கை மரம் அளவுக்கு இருக்கும் ஏதோ ஒரு மாடு மரங்களுக்கிடையில் வந்து நின்றபோது, கால்நடை டாக்டர் அதன் காதில் வில்லை போட முடியுமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்யாவிட்டாலும் போட்டிருக்க முடியாது. அந்தக் காட்டுக்குள் கண் போகும், கால் போகாது. மரங்களுக்கு நடுவே பத்தடி நடந்தால், அடுத்த அடி அக்கரையில் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். செருப்பில் பனி ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பறவைகளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் வழி இருந்தது. நம்மூர் நத்தைகுத்தி நாரை அங்கே போய் ஒற்றைக்காலில் விறைத்துக்கொண்டு நிற்கும்; அந்த ஊர் மரங்கொத்தி இங்கே வந்து ஈ.பி. கம்பத்தைக் கொத்திப் பார்த்து ஏமாந்து போகும்.

தை மாதம் ஒரு புதன்கிழமை காலை கோதண்டம் பைனாகுலர் கண்ணாடியைச் சுழற்றிக்கொண்டே அருளப்பனிடம், "எழுதிக்கோ அருளப்பா, சிவப்புக் கொண்டை, தனி, வளர்ந்தது, உயரம் அஞ்சடி மூணு அங்குலம் இருக்கும்" என்றார். அருளப்பன் எழுதினார். கோதண்டம் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "நம்ம செலின் மாதிரி கீதுப்பா" என்றார்.

செலின்தான். அருளப்பனுக்கும் ஜெசிந்தாவுக்கும் ஒரே பெண். ஏரிக்கரையில் அப்பன் மடியில் உட்கார்ந்து வாத்து எண்ணி வளர்ந்தவள், அதையே படித்து, அதற்கும் மேலே படித்து, வருஷத்தில் பாதி நாள் சூரியன் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுகிற ஏதோ ஒரு வடதேசத்துக் காட்டில் சாம்பல் ஆந்தை ஒன்றை ஆராய்ச்சி செய்யப் போயிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "அம்மா, இன்னும் அஞ்சு வருஷம் இங்கதான். அந்த ஆந்தை வருஷத்துல நாலு தடவைதான் கத்தும்" என்றாள். அன்றைக்கு ஜெசிந்தாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது, மாவில் புளிப்பு ஏறியிருந்தது, ஒரு வரன் வேறு தட்டிப்போயிருந்தது. "ஊமை ஆந்தைக்குக் காவல் இருக்கவா உன்னைப் பெத்தேன்? நீயும் ஊமையாவே இரு. இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றாள். பிறந்ததிலிருந்து அம்மா சொன்ன ஒரு பேச்சையும் கேட்காத பெண், அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டாள். அப்பாவுக்கு மாசத்துக்கு ஒரு தடவை, சிக்னல் உள்ள இடத்துக்கு வரும்போது, இரண்டு வார்த்தை வரும்: "நலம். குளிர்." அந்த இரண்டு வார்த்தையை ஜெசிந்தா, கணவன் குளிக்கப் போன நேரத்தில் அவர் போனை எடுத்து, மாசம் முழுக்கப் படிப்பாள்.

செய்தி வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கரைக்கு வந்து, கோதண்டத்தின் கழுத்திலிருந்த பைனாகுலரை அவர் கழுத்தோடு சேர்த்து இழுத்துப் பார்த்தாள். சிவப்புக் கம்பளிக் குல்லாய். தோளில் பை. கையுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கிற அந்த நடை, எல்.கே.ஜி. பையைச் சுமந்த நாளிலிருந்து இருக்கிற நடை.

"கூப்பிடுதேன்" என்றாள் ஜெசிந்தா.

கோதண்டம் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. நீங்க கூப்பிட்டா பறவை எழும்பும். பறவை எழும்பிச்சின்னா காடும் கூடவே எழும்பும். அப்புறம் பொண்ண எங்கன்னு போய்த் தேடுவீங்கோ?"

அருளப்பன் போனில் செய்தி அனுப்பிப் பார்த்தார். 'மகளே, நீ இருக்கும் காடு இப்போது நம் ஏரியில் இருக்கிறது. உன்னைப் பார்க்கிறோம்.' பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அப்பா, பிரஷர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" அவளுக்கு அங்கேயிருந்து ஏரி தெரியவில்லை, கரை தெரியவில்லை, அவளைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் காடுதான்.

ஆகவே பார்த்தார்கள். பாலுக்கு அடுப்பை மூட்டிவிட்டு அது பொங்கும் வரை நிற்கப் பொறுமை இல்லாத ஜெசிந்தா, தினமும் காலை ஆறு மணிக்கெல்லாம் அருளப்பனின் மங்கிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு கரைமேல் போய் நின்றாள். ஊரும் கூட நின்றது. மன்றத்தின் நோட்டில் நாள் தவறாமல் எழுதப்பட்டது: 'செலின், ஒன்று, காலை 6.40, மேற்கேயிருந்து கிழக்கே, தரையில் அமர்ந்து உணவு உண்டது, குரல்: கேட்கவில்லை.' எந்தப் பறவைக்கும் இல்லாத கூட்டம் அவளுக்குத்தான். அஞ்சலை சுக்குக் காபி போட ஆரம்பித்தாள். "பாப்பா இளச்சிப் பூட்சி" என்று ஒருத்தி அரைக்குரலில் சொல்ல, "இல்ல, கோட்டு பெருசு" என்று இன்னொருத்தி அரைக்குரலில் சொல்லுவாள். ஜெசிந்தா வாயைத் திறப்பதில்லை. உள்ளுக்குள்ளே மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கையுறையைத் தைச்சா என்ன? ரொட்டியைத் தின்னுட்டே எழுதணுமா? மூக்கைச் சட்டைக்கையில துடைக்காத. சொல்ல வேண்டியது வேறு ஒன்றும் இருந்தது. அது மட்டும் உள்ளுக்குள்ளும் ஓட மறுத்துத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. தன்னுடைய குரலே மகளை விரட்டியது, இன்னொரு தடவை அதே குரலால் விரட்டிவிடக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற நாட்களை மட்டும் எண்ணினால் முப்பத்து மூன்று.

மாசி பிறந்தது. காடு வடக்கத்திக் காடாக இருந்தாலும் மேலே காய்ந்தது நம்மூர் வெயில். அஞ்சலைதான் இதையும் முதலில் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, காபித் தம்ளரை ஜெசிந்தாவிடம் நீட்டியவள் நீட்டிய கையோடு நின்றாள். "யம்மா, அங்க பாரு. பனிக்கட்டிக்கு அடில விரால் ஓடுது."

கரை உயரம், உயரத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது. சதுப்பின் நடுவே, மேலே பனி வெள்ளையாக மூடியிருந்தாலும், அதன் அடியில் வட்டமாக ஒரு கறுப்பு, ஒரு களத்துமேடு அகலத்துக்கு. அடியிலிருந்து ஏரித் தண்ணீர் சூடேறிக் கட்டியை அப்பளமாக அரித்துவிட்டிருந்தது. கறுப்பின் ஓரத்தில் ஒரு ஆகாயத்தாமரை பனியைக் குத்திக்கொண்டு ஊதாப் பூவை நீட்டியிருந்தது. அந்தக் கறுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு பட்டமரம். அதன் உச்சியில்தான் சாம்பல் ஆந்தை உட்காரும். தினமும் ஆறு நாற்பதுக்கு அந்தப் பட்டமரத்துக்குத்தான் செலின் சதுப்பின் குறுக்கே நடந்து போவாள்.

மணி ஆறு முப்பத்தெட்டு. சிவப்புக் குல்லாய் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. நோட்டில் எதையோ பார்த்துக்கொண்டே பனிமேல் இறங்கியது.

கோதண்டம் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். "செலின்" என்று கூப்பிட்டார், அரைக்குரலில். அருளப்பன் கூப்பிட்டார், அவருக்கு அதில் பாதிகூட வரவில்லை. பிறகு கரைமேல் நின்ற அறுபது எழுபது பேரும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள், செலின், செலின், செலின் என்று, கையை ஆட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரக் கூப்பிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகிய தொண்டைகள், அத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டும் அது முறத்தில் அரிசி புடைக்கிற சத்தத்துக்கு மேல் எழும்பவில்லை. சிவப்புக் குல்லாய் நடந்துகொண்டே இருந்தது. கறுப்புக்கும் அதற்கும் இருபதடி, பதினைந்தடி.

ஜெசிந்தா காபித் தம்ளரை அஞ்சலை கையில் கொடுத்தாள். முதுகை நிமிர்த்தினாள். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள், சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி.

"ஏட்டி செலின், அங்கனயே நில்லு. இன்னொரு எட்டு வச்சே, காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

அந்தக் குரல் கரையை விட்டு இறங்கி ஏரியின் தென்பாதியைத் தாண்டி, பனியின் மேல் வழுக்கிக்கொண்டு போய், ஊசியிலை மரங்களின் மேலிருந்த பனியைப் பொலபொலவென்று உதிர்த்துவிட்டு, காட்டின் மறுகோடி வரை போனது. செங்கல் சூளையில் ஒருவன் கையிலிருந்த கல்லைப் போட்டான். மாதா கோயிலில் மணியைச் சுற்றிக் கட்டியிருந்த கோணி அவிழ்ந்து விழுந்தது. கரைமேல் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, முப்பத்தோராயிரம் பறவைகளும் ஒரே வீச்சில் எழும்பப்போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ஒன்றும் எழும்பவில்லை. ஒரு ஊசிவால் வாத்து மட்டும் சிறகுக்குள் செருகியிருந்த தலையை வெளியே எடுத்து, யாரென்று பார்த்துவிட்டு, திரும்பவும் செருகிக்கொண்டது.

சதுப்பின் நடுவே சிவப்புக் குல்லாய் நின்றிருந்தது. தலை நிமிராமல், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த ரூமிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்கிற அதே சலிப்போடு, அம்மா குரலுக்கு ஒரு இழை குறையாத குரலில் பதில் வந்தது: "என்னம்மா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. நோட்டு கீழே விழுந்தது. நாலாபக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சுத்தாத," என்றாள் ஜெசிந்தா. "முன்னால பனி இளகிக் கெடக்கு, அடியில விரால் ஓடுது. வந்த காலடியிலயே பின்னால போ. திரும்பாம போ. ஆங், அப்படித்தான். இன்னும் பின்னால. அந்த மரம் வரைக்கும் போ."

செலின் போனாள். போகிற போக்கில் ஊன்றி வந்த குச்சியை முன்னால் வீசினாள். அது விழுந்த இடத்தில் பனி பொத்தென்று உள்ளே போய், கறுப்புத் தண்ணீர் எட்டிப்பார்த்தது. அவள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஜெசிந்தாவும் உட்கார்ந்தாள்; அவளுக்குப் பிடித்துக்கொள்ள அஞ்சலையின் தோள்தான் கிடைத்தது. ஊர் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்றாக வெளியே வந்ததில் அடுப்பு அணைந்துபோனது.

பிறகு காட்டுக்குள்ளிருந்து, "அம்மா, நீ எங்க இருக்க?" என்று கேட்டது.

"நம்ம ஏரிக்கரையில. உங்கப்பா எழுதினாரே, நம்பினியா?"

"மாத்திரை சாப்பிடலைன்னு நெனைச்சேன்."

"அவரு சாப்பிடுதாரு. நீ சாப்பிட்டியா?"

"ரொட்டி."

"ரொட்டி" என்று ஜெசிந்தா அருளப்பனைப் பார்த்துச் சொன்னாள், அந்த ரொட்டிக்கு அவர்தான் பொறுப்பு என்கிற மாதிரி. பிறகு தொண்டையில் முப்பத்து மூன்று நாளாக நின்றது தானாகவே புரண்டு வந்தது. "போன் பண்ணாதன்னா பண்ணாம இருந்துருவியா? நான் சொன்னதை எல்லாம் நீ எப்பவுட்டி கேக்க ஆரம்பிச்ச?"

மரத்தடியில் சிவப்புக் குல்லாய் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கோதண்டம் கண்ணாடியில் பார்த்தும் சொல்ல முடியவில்லை. "நீ சொன்னதுலயே அது ஒண்ணுதாம்மா செய்யறதுக்குச் சுலபமா இருந்திச்சு" என்று பதில் வந்தது. "முதல் ஒரு வாரம்."

அதற்குப் பிறகு, பறவைகள் கிளம்புகிற பங்குனிக் கடைசி வரை, தினமும் காலை ஆறு நாற்பதுக்கு அம்மாவும் மகளும் ஏரிக்குக் குறுக்கே பேசிக்கொண்டார்கள். சதுப்பு எங்கெங்கே இளகியிருக்கிறது என்று ஜெசிந்தா கரைமேலிருந்து சொல்வாள். சொல்லிவிட்டு, மீன் விலை, வரன், கையுறை என்று இறங்கிவிடுவாள். ஊர் நின்று கேட்கும். ஒருநாள் அந்தச் சாம்பல் ஆந்தை, வருஷத்துக்கு நாலே தடவை கத்துகிற ஆந்தை, இவர்கள் பேச்சுக்கு நடுவில் தானும் ஏதோ சொல்ல, செலின் "அம்மா, ஒரு நிமிஷம் சும்மா இரு" என்று கத்திவிட்டு எழுதினாள். ஜெசிந்தா ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். அருளப்பன் அதை நேரம் போட்டுக் குறித்துக்கொண்டார்.

அரைக்குரலை ஊர் விட்டுவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்ததை ஒரு வாத்து கண்டுகொள்ளவில்லை என்பதற்காக விட முடியுமா? ஆனால் மேற்குத் தெருவில் ஒரு மாமியாரும் மருமகளும், பங்குனியிலேயே, சித்திரைக்குக் காத்திராமல் ஒரு சண்டையை முழுக்குரலில் போட்டுப் பார்த்துவிட்டு, லேசாக இருக்கிறது என்றார்கள். மாதா கோயில் மணிக்கு அந்தக் கோணியை யாரும் திரும்பக் கட்டவில்லை. கோதண்டம் மட்டும் மூன்று நாள் நோட்டைத் தொடவில்லை. நாலாம் நாள் நோட்டை எடுத்து, 'செலின்' என்ற வரிக்கு நேரே 'குரல்: கேட்கவில்லை' என்று தான் சொல்லி எழுதவைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் எழுதினார்: 'உரக்க அழைத்தால் பதில் தரும்.'

பங்குனிக் கடைசியில் பறவைகள் எழும்பின. காடும் எழும்பியது, மரங்களும் பாசியும் குங்குமம் வைத்த பெரிய மரமும் அந்தக் கொம்பு மாடும் சிவப்புக் குல்லாயும், வந்தபோது எப்படி அலுங்காமல் வந்ததோ அப்படியே அலுங்காமல் போய்விட்டது. ஏரியின் வடபாதியில் வெறும் தண்ணீர் கிடந்து மினுங்கியது. அஞ்சலை மாவுப் பானையை நாற்பதடி வடக்கே கொண்டுவந்து வைத்தாள். ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, வெறும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அருளப்பன் கேஸ் தீர்ந்துபோனதைத் தானாகவே கவனித்து, தானாகவே சிலிண்டருக்குச் சொன்னார்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு ஜெசிந்தாவின் போன் அடித்தது. மகள் அங்கே மலைமேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். எடுத்துக் காதில் வைத்த ஜெசிந்தாவுக்கு, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, சரியான நாரைப்பேட்டு அரைக்குரல் வந்தது. "சொல்லும்மா" என்றாள்.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றாள் செலின் அந்தக் கோடியிலிருந்து. "சத்தமாப் பேசு."

ஜெசிந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். வீட்டுக்கு எதிரே ஏரிக்கரையில் அஞ்சலை, ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது என்று, அடுப்பைக் குறைத்து வைத்தாள்.